பெயரும் மருந்தும்: உயர் இரத்த அழுத்த மூலிகைகள் குறித்து ஒரு மொழியியல் பார்வை



மருத்துவம் பயிலாத ஒருவன் மருந்தைப் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் உங்களுக்கு எழுவது இயல்பு. எனக்கும் அவ்வையம் இருந்தது. ஆகவே, எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்கிறேன். எந்த மூலிகையை எவ்வளவு உண்ண வேண்டும் என்று கூற நான் வரவில்லை. அது மருத்துவரின் பணி. சொற்களின் பொருளையும் வரலாற்றையும் ஆராய்வது என் தொழில். மூலிகை நம்மிடம் முதலில் ஒரு சொல்லாகத்தான் வந்து சேர்கிறது. பாட்டி சொன்ன பெயர், கடைக்காரர் சொன்ன பெயர், நாளிதழில் படித்த பெயர் என்று பெயரே முன்னால் நடக்கிறது. செடி அதன் பின்னால் வருகிறது. அந்தப் பெயர் தவறான செடியிடம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? இக்கேள்வியை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. என் பிழையிலிருந்து பெற்றேன்.

பணி ஓய்வு பெற்ற பிறகு, பொது அமைப்பொன்று கேட்டுக்கொண்டதற்கு இணங்க, உடல்நலத் துண்டறிக்கை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்தேன். உயர் இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும் மூலிகைத் தேநீர் ஒன்றைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. மூலத்தில் ஹிபிஸ்கஸ் என்று இருந்தது. நான் செம்பருத்தி என்று எழுதினேன். அகராதி அப்படித்தான் சொல்கிறது. என் மனமும் அப்படித்தான் சொன்னது. ஒரு நொடிகூட நான் தயங்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, எங்கள் குடியிருப்பில் வாழும் மூதாட்டி ஒருவர் சமையலறையில் மயங்கி விழுந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். அரசு சுகாதார மருந்தகத்தில் அளந்தபோது மேல் எண் 200-ஐத் தாண்டியிருந்தது. பல ஆண்டுகளாக உண்டு வந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, வேலியோரச் செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்து இரண்டு மாதங்களாகக் குடித்து வந்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நான் மொழிபெயர்த்த துண்டறிக்கை அது. "தமிழ்ல போட்டிருந்துச்சு தம்பி, அதான் நம்புனேன்" என்றார்.

நல்வேளையாக அவர் தேறிவிட்டார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. இவ்வுரை அதற்கு நான் தேடிய விடை.

1. நோயின் பெயர்

மூலிகையின் பெயருக்குப் போகும் முன் நோயின் பெயரைப் பார்ப்போம். நம் நாட்டுத் தமிழர் இந்நோயைப் பல பெயர்களால் அழைக்கிறோம். மூத்தோர் இரத்தக் கொதிப்பு என்பர். பேச்சில் பிரஷர் என்போம். மலாய்க்காரரோடு பேசும்போது தாரா திங்கி, அதாவது உயர்ந்த இரத்தம், என்போம். பாடநூலும் மருத்துவமனை அறிக்கையும் உயர் இரத்த அழுத்தம் என்கின்றன.

இவற்றுள் கொதிப்பு என்பது ஓர் உருவகம். அடுப்பில் நீர் கொதிப்பதைப் போல உடலில் இரத்தம் கொதிக்கிறது என்று அது நினைக்க வைக்கிறது. சினம், படபடப்பு, முகச் சிவப்பு ஆகியவற்றோடு அச்சொல் உறவுடையது. இதிலிருந்து இரண்டு தவறான முடிவுகள் தாமாகவே பிறக்கின்றன. ஒன்று, எனக்குக் கொதிப்பாகத் தெரியவில்லை, ஆகவே நோய் இல்லை என்பது. மற்றொன்று, கொதிப்புக்கு மருந்து குளிர்ச்சி, ஆகவே உடலைக் குளிர்விக்கும் எந்த மூலிகையும் இதற்கு ஏற்றது என்பது.

உண்மை வேறு. இந்நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. இரத்தக் குழாயின் சுவர்மீது இரத்தம் செலுத்தும் அழுத்தம் நாள்தோறும் சற்றே மிகுந்து, ஓசையின்றி இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உடையோரில் 30 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. பத்துப் பேரில் மூவர். அவர்களுள் பலர் தமக்கு எதுவும் கொதிக்கவில்லை என்றே எண்ணியிருப்பர்.

அழுத்தம் என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1733ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் குழாயைப் பொருத்தி, அதில் இரத்தம் ஏறி நின்ற உயரத்தை அளந்ததை வெளியிட்டார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, கையைச் சுற்றிக் கட்டும் பட்டையும் பாதரசக் குழாயும் கொண்ட கருவியை அமைத்தார். 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ், காதுக்குழல் வைத்துக் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பிரித்தறியும் முறையைக் கண்டார். 140-க்கு 90 என்று இன்று நாம் கேட்கும் எண்கள் இந்த வழியில் வந்தவை.

எனவே, இவ்வெண்ணால் அறியப்படும் நோய்க்கு நம் பழைய மருத்துவ நூல்களில் நேரான பெயரைத் தேடுவது பொருந்தாது. தலைச்சுற்றல், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு போன்ற குறிகளுக்கு நம் முன்னோர் மருந்து சொன்னார்கள். அம்மருந்துகளுள் சில இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடும். அதை அளந்துதான் அறிய வேண்டும். அளந்து பார்த்து உண்மை என்று மெய்ப்பிக்கப்பட்ட ஒரு மூலிகையின் கதையை அடுத்துச் சொல்கிறேன்.

2. சிவன் அமல்பொடி

உயர் இரத்த அழுத்தத்திற்கு மூலிகையால் பயனுண்டா என்று கேட்போருக்கு, உண்டு என்று ஐயமின்றிக் காட்டத்தக்க சான்று சர்ப்பகந்தி. இந்தியாவின் மலையடிவாரக் காடுகளிலும் தென்கிழக்காசியாவின் சில பகுதிகளிலும் வளரும் சிறு செடி இது. அறிவியலார் இதை ரவோல்ஃபியா செர்பென்டினா என்பர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லியோனார்ட் ரவோல்ஃப் என்னும் செருமானிய மருத்துவரின் நினைவு முதற்சொல்லில் உள்ளது. இரண்டாம் சொல் பாம்பைக் குறிக்கும். வடமொழியின் சர்ப்பமும் இலத்தீனின் செர்ப்பென்ஸும் ஒரே வேரிலிருந்து கிளைத்த உறவுச் சொற்கள் என்பதை ஒப்பியல் மொழிநூல் கற்றோர் அறிவர்.

தமிழில் இதற்குச் சிவன் அமல்பொடி என்றும் ஒரு பெயர் உண்டு. கேட்டவுடன் சிவபெருமானோடு தொடர்புடைய ஏதோ ஒரு திருநீற்றுப் பொடி போலத் தோன்றும். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அச்சான, கேரளத்துச் செடிகளைப் பற்றிய ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் நூலில், இச்செடியின் மலையாளப் பெயர் சுவன்ன அமல்பொடி என்பதற்கு நெருங்கிய ஒலியில் எழுதப்பட்டுள்ளது. மலையாளத்தில் சுவன்ன என்றால் சிவந்த என்று பொருள். இச்செடியின் பூங்காம்பும் புல்லிவட்டமும் சிவந்தவை. சுவன்ன என்பது மலை கடந்து தமிழ் நாவில் சிவன் ஆகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பொருள் விளங்காத சொல்லுக்குத் தெரிந்த சொல்லின் உருவை மக்கள் கொடுப்பதை மொழியியலார் மக்கள் வழிச் சொற்பிறப்பு என்பர். ஒரு நிறம் இப்படித் தெய்வமாயிற்று. இதில் தீங்கொன்றும் இல்லை; ஆனால், பெயரைக் கேட்டுச் செடியின் தன்மையை ஊகிக்க முயல்வோருக்கு இது நல்ல எச்சரிக்கை.

இச்செடியின் வேர் பாம்புக் கடிக்கும் மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலமாக வழங்கப்பட்டது. 1931இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்க மருத்துவர்கள், அவ்வேர்ப்பொடி மனநோயை மட்டுமன்றி உயர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில், தில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி தம் துணை ஆய்வாளரோடு அவ்வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு யுனானி மருத்துவர் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் அவ்வேரைப் பயன்படுத்திக் கண்ட பயனைப் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தார் அவ்வேரின் வீரியமிக்க பொருளைத் தனியே பிரித்து ரெசர்பின் என்று பெயரிட்டனர். உயர் இரத்த அழுத்தத்திற்கு உலகெங்கும் பரவலாக வழங்கப்பட்ட முதல் மருந்துகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

இது நாம் பெருமைகொள்ளத்தக்க வரலாறு. ஆயினும் இதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும். நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ள, இரத்தக் குழாயைச் சுருங்கச் செய்யும் வேதிப்பொருளை ரெசர்பின் வெறுமையாக்கிவிடுகிறது. அதனால் குழாய் தளர்ந்து அழுத்தம் குறைகிறது. அதனாலேயே மூக்கடைப்பும் தோன்றும். அதே செயல் மூளையிலும் நிகழ்வதால் சோம்பல் தோன்றும். அளவு மிகுந்தால் ஆழ்ந்த மனச்சோர்வு உண்டாகும். வழக்கமான ஒரு நாள் அளவு கால் மில்லிகிராமுக்கு மேற்படாது. ஒரு கிராமை நாலாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு. பச்சை வேரிலோ இப்பொருளின் அளவு மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு சிட்டிகைப் பொடியில் எவ்வளவு உள்ளது என்பதை விரல் அறியாது. பிற்காலத்தில் தீங்கு குறைந்த மருந்துகள் வந்ததும் மருத்துவர்கள் ரெசர்பினைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

இயற்கையானது என்பதால் மூலிகை தீங்கற்றது என்று ஒருவர் சொன்னால், சர்ப்பகந்தியை நினைவுகொள்ளுங்கள். மூலிகையால் ஒன்றும் ஆகாது என்று வேறொருவர் சொன்னாலும் அதையே நினைவுகொள்ளுங்கள். பயன் தரும் அளவுக்கு வலிமையுடைய எதுவும் கேடு தரும் வலிமையும் உடையது.

3. செம்பருத்தியும் புளிச்சையும்

இனி என் பிழைக்கு வருகிறேன். ஹிபிஸ்கஸ் என்பது ஒரு செடியின் பெயரன்று. நூற்றுக்கணக்கான இனங்களை உடைய ஒரு பேரினத்தின் பெயர். நம் வேலிகளில் பூப்பதும், 1960இல் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டதுமான புங்கா ராயா, ஹிபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்னும் இனம். தமிழில் செம்பரத்தை என்றும் செம்பருத்தி என்றும் வழங்குவது இதுவே. சிவந்த பூப் பூக்கும் மரப்பருத்தி வகைக்கும் செம்பருத்தி என்னும் பெயர் உண்டு. ஆக, தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இரு செடிகள் ஒளிந்திருக்கின்றன.

இரத்த அழுத்த ஆய்வுகளில் பேசப்படுவது வேறோர் இனம். அது ஹிபிஸ்கஸ் சப்டரிஃபா. நம் நாட்டில் ரோசெல் என்றும் அசாம் பாயா என்றும் அழைக்கப்படும் இச்செடி திரெங்கானுவில் பயிராகிறது. தமிழகத்தில் இதன் இனத்தைப் புளிச்சை, புளிச்சகீரை என்பர். ஆந்திரத்தார் விரும்பி உண்ணும் கோங்குராவும் இதுவே. புளிச்சை என்னும் பெயரும் தனியுரிமை உடையதன்று. நாருக்காக வளர்க்கப்படும் ஹிபிஸ்கஸ் கன்னாபினஸ் இனத்துக்கும் அது வழங்குகிறது.

செடி மட்டுமா வேறு? உறுப்பும் வேறு. ரோசெல் தேநீருக்குப் பயன்படுவது பூவிதழ் அன்று. பூ உதிர்ந்தபின் காயைச் சூழ்ந்து சிவந்து தடித்து நிற்கும் புல்லிவட்டமே உலர்த்தப்படுகிறது. அதன் சிவப்பு நிறமிகளும் புளிப்பு அமிலங்களும்தான் ஆய்வாளர் கருத்தைக் கவர்ந்தவை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. 30 முதல் 70 வயது வரையுள்ள 65 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் மூன்று கோப்பை ரோசெல் தேநீரும், மற்றப் பிரிவினர் அதே நிறமும் சுவையும் ஊட்டப்பட்ட வேறொரு நீரும் ஆறு வாரம் குடித்தனர். தேநீர் குடித்தவர்களின் மேல் எண் சராசரியாக 7.2 குறைந்தது, மற்றவர்களுக்கு 1.3 குறைந்தது. இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு. ஆனால் அவ்வாய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார்? அழுத்தம் எல்லைக்கோட்டில் இருந்தவர்களும் சற்றே மிகுந்தவர்களும். அழுத்த மாத்திரை உண்ணாதவர்கள்.

இந்த இறுதிச் செய்தி நான் மொழிபெயர்த்த மூலத்தில் இல்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை. அந்த மூதாட்டியோ மாத்திரை உண்டு வந்தவர். அவர் சரியான செடியையே குடித்திருந்தாலும், 180-ஐயும் 200-ஐயும் தொடும் அழுத்தத்தில் ஏழு எண் குறைவது எம்மட்டு? ஆகவே என் பிழை இரண்டு. செடியை மாற்றி எழுதினேன். யாரிடம் ஆய்ந்தார்கள் என்னும் செய்தியில்லாமல் ஒரு மருத்துவக் கூற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது பிழையே பெரிது என்று இன்று நினைக்கிறேன்.

4. முதலும் சினையும்

இலக்கண வகுப்பில் ஆகுபெயர் கற்பிக்கிறோம். முல்லை சூடினாள் என்றால் கொடியைச் சூடவில்லை, பூவைச் சூடினாள் என்று விளக்குகிறோம். முதற்பொருளின் பெயர் அதன் உறுப்புக்கு ஆகி வந்தது. கேட்போருக்கும் ஐயம் எழுவதில்லை, ஏனெனில் சூடுவதற்குரியது பூ என்பதை எல்லாரும் அறிவர்.

மருந்துக் குறிப்பில் இந்த வசதி இல்லை. முருங்கை இரத்த அழுத்தத்திற்கு நல்லது என்று எழுதினால், எது முருங்கை? இலையா, காயா, பூவா, பட்டையா, வேரா? முருங்கை என்னும் நம் சொல் கடல் கடந்து மொரிங்கா என்னும் அறிவியற் பெயராயிற்று; மலாயிலும் கெலோர் என்பதோடு ரெமுங்கை, மெருங்கை என்னும் வடிவங்கள் உண்டு. உலகெங்கும் சென்ற சொல் அது. கராச்சியில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வில், முருங்கையிலிருந்து பிரித்த சில வேதிப்பொருள்கள் விலங்குகளின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தன. அவ்வாய்வாளர்களுள் ஒருவர் சர்ப்பகந்தியை ஆராய்ந்த அதே சலிமுஸ்ஸமான் சித்திக்கி. அறுபது ஆண்டுகள் இடைவிடாது செடிகளோடு வாழ்ந்த அறிஞர். எனினும் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த பொருளை விலங்குக்குச் செலுத்துவதும், நாம் கீரையைப் பொரியலாக்கி உண்பதும் ஒன்றாகா. முருங்கைக் கீரை நல்ல உணவு. அதன் வேர்ப்பட்டையோ நச்சுத்தன்மை உடையது. கருவுற்ற பெண்கள் அறவே விலக்க வேண்டியது. முருங்கை என்னும் ஒரே சொல் இவை இரண்டையும் சுட்டுகிறது.

காரணப்பெயரும் இவ்வாறே நம்மை ஏமாற்றக்கூடும். அதிமதுரம் என்பது மிக்க இனிமையுடையது என்னும் காரணத்தால் வந்த பெயர். கிரேக்க மொழியில் இதன் பெயருக்கு இனிய வேர் என்பது பொருள். மலாயில் ஆக்கார் மானிஸ் என்பதும் இனிய வேரே. சீனரின் கான்சாவ் என்பதற்கு இனிய புல் என்பது பொருள். நான்கு மொழியினரும் நாவை நம்பிப் பெயரிட்டனர். அவர்கள் யாரும் அதன் வேறொரு பண்பைப் பெயரில் வைக்கவில்லை. அதிமதுரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். அதில் உள்ள கிளிசிரைசின் என்னும் பொருள், சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைக்கவும் பொட்டாசியத்தை வெளியேற்றவும் காரணமாகிறது. இருமலுக்காகச் சில நாள் சிறிதளவு சுவைப்பதை நான் சொல்லவில்லை. உயர் இரத்த அழுத்தம் உடையவர் அதை நாள்தோறும் கசாயமாகக் குடித்தால், குறைக்க வேண்டிய எண் கூடும். தொண்டைக்கு நல்லது, உடலுக்குக் குளிர்ச்சி என்று கேட்டவர், கொதிப்புக்கும் நல்லது என்று எண்ணுவது எளிது. முன்பு சொன்ன கொதிப்பு என்னும் உருவகம் இங்கே நேரடியாகத் தீங்கு செய்கிறது.

5. ஒரு சொல், இரண்டு செடிகள்

பெயர்க் குழப்பத்தின் விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குச் சீன மருத்துவத்திலிருந்து ஒரு சான்று. நாம் சீன மருந்துக் கடைகளும் தமிழ் மருந்துக் கடைகளும் ஒரே தெருவில் இருக்கும் நாட்டினர். ஆதலால் இது நமக்கும் உரியது.

ஃபாங்ஜி என்னும் பெயரில் சீனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் விற்கப்பட்டன. ஒன்று, ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்னும் கொடியின் வேர். இதிலுள்ள டெட்ராண்ட்ரின் என்னும் பொருள் இரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்க வல்லது. மற்றொன்று குவாங் ஃபாங்ஜி; இது அரிஸ்டோலோக்கியா இனக்கொடி. இதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயையும் தூண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் உடல் இளைக்கச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு முதல் வேரைக் கொடுப்பதாக எண்ணி இரண்டாம் வேர் கொடுக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னர்ப் புற்றுநோயும் கண்டது. 1993இல் இச்செய்தி மருத்துவ இதழில் வெளியான பிறகே உலகம் விழித்துக்கொண்டது. சிறுநீரகம் கெட்டால் இரத்த அழுத்தம் மேலும் ஏறும் என்பதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள்.

அரிஸ்டோலோக்கியா நமக்குப் புதிதன்று. ஆடுதின்னாப்பாளை என்றும் ஈசுவரமூலி என்றும் நாம் அழைக்கும் செடிகள் அப்பேரினத்தைச் சேர்ந்தவை. ஈசுவரமூலிக்குப் பெருமருந்து என்றும் ஒரு பெயர் உண்டு. ஆட்டின் பெயரால் அமைந்த சொல் எச்சரிக்கையாக ஒலிக்கிறது. இறைவனின் பெயரால் அமைந்த சொல் நம்பிக்கையை ஊட்டுகிறது. ஆனால் இரண்டு செடிகளும் ஒரே பேரினம்.

நம் மண்ணுக்குரிய மூலிகை ஒன்றையும் சொல்லி இப்பகுதியை முடிக்கிறேன். மிசாய் கூச்சிங் என்று மலாயிலும் கூமிஸ் கூச்சிங் என்று இந்தோனேசியத்திலும் பூனைமீசை என்று தமிழிலும் வழங்கும் செடியை உங்களுள் பலர் வீட்டில் வளர்க்கிறீர்கள். பூவிலிருந்து நீண்டு நிற்கும் மகரந்தத் தாள்கள் பூனையின் மீசையை நினைவூட்டுவதால் மூன்று மொழிகளிலும் ஒரே உவமை. இதன் இலைக் கசாயம் சிறுநீரைப் பெருக்கும். அதனாலேயே அழுத்தத்துக்கும் நல்லது என்று குடிக்கிறார்கள். மனிதரிடம் இதன் பயனை உறுதிசெய்யும் வலுவான ஆய்வுகள் சர்ப்பகந்திக்கும் ரோசெலுக்கும் இருப்பது போல் இதற்கு இல்லை. மேலும், இவ்விலையில் பொட்டாசியம் மிகுதி. சில வகை அழுத்த மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைப்பவை. அம்மாத்திரை உண்பவரும் சிறுநீரகம் தளர்ந்தவரும் மருத்துவரைக் கேளாமல் இதை நாள்தோறும் குடிப்பது நன்றன்று. ஆங்கிலத்தில் பூனைமீசை என்று பொருள்படும் பெயர் வேறொரு செடிக்கும் உண்டு. நாம் நல்வேளை என்றும் மலாய்க்காரர் மாமான் என்றும் அழைத்து ஊறுகாய் போடும் கீரை அது. ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் செம்பருத்தியில் நான் தடுமாறியதைப் போல இங்கும் தடுமாறலாம்.

6. நாம் செய்யத்தக்கவை

தமிழில் எழுதப்பட்டதை மெய் என்று நம்பும் வாசகர் இன்னும் இருக்கிறார்கள். அந்நம்பிக்கை நம் மொழியின் பெருஞ்செல்வம். அதைக் காக்கும் பொறுப்பு எழுதுவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உண்டு. மூலிகை பற்றிய எந்தக் குறிப்பையும் படிக்கும்போதும் எழுதும்போதும் ஐந்து கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, எந்தச் செடி? ஊர்ப் பெயரோடு அறிவியற் பெயரும் உள்ளதா?

இரண்டாவது, எந்த உறுப்பு? இலையா, வேரா, பட்டையா, புல்லிவட்டமா?

மூன்றாவது, எந்த வடிவில், எவ்வளவு? உணவாகவா, கசாயமாகவா, பிரித்தெடுத்த சாறாகவா?

நான்காவது, யாரிடம் ஆய்ந்தார்கள்? விலங்கிடமா, மனிதரிடமா? எத்தனை பேர், எத்தனை நாள்? அவர்களின் நோய் எந்நிலையில் இருந்தது?

ஐந்தாவது, முன்பே உண்ணும் மாத்திரையோடு இது பொருந்துமா? இதற்கு விடை சொல்ல வேண்டியவர் மருத்துவரும் மருந்தாளரும் மட்டுமே. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதற்கு எந்த மூலிகைக் குறிப்பும் உரிமை தருவதில்லை.

கடையில் வாங்கும் மூலிகைப் பொருளாயின், நம் நாட்டின் சுகாதார அமைச்சிடம் பதிவு பெற்றதா என்று பார்க்கவும் மாணவர்க்குக் கற்பியுங்கள். பதிவு பெற்ற மரபுவழி மருந்தின் உறையில், எம்.ஏ.எல். என்னும் எழுத்துகளில் தொடங்கி டி என்னும் எழுத்தில் முடியும் எண் இருக்கும். அவ்வெண் நோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று ஆகாது. அப்பொருள் பாதுகாப்பு, தரம் குறித்து ஆராயப்பட்டது என்பதைத் தெரிவிக்கும்.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்யத்தக்க எளிய பயிற்சி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் பயன்படும் ஒரு மூலிகையைத் தேர்ந்தெடுக்கட்டும். பாட்டியிடம் கேட்டு அதன் தமிழ்ப் பெயரையும், அண்டை வீட்டாரிடம் கேட்டு மலாய், சீனப் பெயர்களையும், நூலகத்தில் தேடி அறிவியற் பெயரையும் ஓர் அட்டையில் எழுதட்டும். பயன்படும் உறுப்பை வரைந்து காட்டட்டும். ஒரே பெயர் இரு அட்டைகளில் வந்தால் அங்கே நிறுத்தி உரையாடுங்கள். ஆகுபெயரும் காரணப்பெயரும் பலபொருள் ஒருசொல்லும் அன்று பாடநூலிலிருந்து இறங்கி மாணவரின் அடுக்களைக்குள் நடக்கும். பாட்டியரின் சொற்களும் அழியாமல் பதிவாகும்.

நான் மொழிபெயர்த்த துண்டறிக்கையைத் திருத்தி மறுபடியும் அச்சிடச் செய்தோம். செம்பருத்தி என்னும் சொல்லை நீக்கி, ரோசெல் எனப்படும் சிவப்புப் புளிச்சையின் உலர்ந்த புல்லிவட்டம் என்று எழுதினேன். மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் சேர்த்தேன். முதற்படியை எடுத்துக்கொண்டு அந்த மூதாட்டியிடம் சென்று, பழைய தாளை எழுதியவன் நானே என்று ஒப்புக்கொண்டேன். அவர் சற்று நேரம் இரு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "இதையும் நீங்கதானே எழுதுனீங்க, இதை எப்படி நம்புறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அறிவியற் பெயரைச் சுட்டிக்காட்டி, இதை மருந்தகத்துத் தாதியரிடம் காட்டிக் கேளுங்கள் என்றேன். அவ்வாறே அவர் கேட்டார். இன்றும் மாத்திரை உண்கிறார். மாதந்தோறும் அழுத்தத்தை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிறார். வேலியோரச் செம்பருத்தியைக் காலையில் சாமிக்குப் பறிக்கிறார்.